மூன்றாம் நாள் பார்க்காத படம்

கதாநாயகன் மூன்றாவது தடவையாகக் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தபோது, இந்தப் படம் இனித் தேறாது என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. முதல் தடவை விழுந்தபோது பின்வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். இரண்டாவது தடவை அவரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு அங்கேயிருந்து ஒரு கொட்டாவிதான் வந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் குருவம்மாள் மூன்று தடவையும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நாற்பத்து நான்கு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று முதலில் பிடிபடவே இல்லை. இருட்டில் தலையைத் திருப்பி, வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்தார். அவள்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. புருஷனுக்குக் குளிர் ஆகாது, பெண்டாட்டிக்குக் குளிர் இல்லாவிட்டால் தூக்கம் வராது, ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலில் உருளுகிறார்கள், முக்கால் மணி நேரமாக இதுதான் கதை. அவன் என்ன வேலை பார்க்கிறான்? மடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து நாலு தட்டுத் தட்டுகிறான், மூடுகிறான், காப்பி குடிக்கிறான். எத்தனை மணி நேர வேலை, யார் முதலாளி, லீவு உண்டா, ஒன்றும் கிடையாது. பதினெட்டாவது மாடியில் அத்தனை பெரிய வீடு. அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்? ஒரே ஒரு காட்சியில் ஒரு வேலைக்காரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்குக் காது கேட்காது என்று ஒரு கேலி, அத்தோடு அவளை அனுப்பிவிட்டார்கள். அதற்கும் குருவம்மாள் சிரித்தாளா? அதற்குச் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்தார். கவனித்ததில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

இந்த இடம் மட்டும் என்ன. கண்ணை மூடிக்கொண்டே அவரால் சொல்ல முடியும், இப்போது உட்கார்ந்திருக்கிற வரிசை மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதி இருந்த இடம், அந்தத் திரைக்குப் பின்னால் ஸ்பின்னிங்குக்குப் போகிற வாசல், கக்கூஸ் என்று அம்பு போட்டிருக்கிற மூலையில் கழிவுப் பஞ்சு கிடந்த கொட்டகை. மில் மூடிப் பதினாறு வருஷம், இடித்து எட்டு வருஷம். முன்பக்க நிலத்தில் இந்த தியேட்டர் எழும்பியபோது, பஸ் ஸ்டாண்டு முக்கில் கூட்டம் போட்டு மைக்கைப் பிடித்து, ரெண்டாயிரம் பேர் பஞ்சைத் தின்று இருமிச் செத்த மண், இந்த வாசலை என் கால் மிதிக்காது என்று சொன்னவர் அவர். கைதட்டினார்கள். தட்டியவர்கள் அடுத்த வாரமே பிள்ளைகுட்டிகளோடு வந்து படம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் மிதிக்கவில்லை, இன்று மத்தியானம் ஒன்றே முக்கால் வரைக்கும். நேற்று சாயங்காலம் குருவம்மாள் அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், நாளைக்கு ரெண்டு மணி ஆட்டத்துக்குப் போவோம் என்றாள். என்ன படம் என்று கேட்டார். எது ஓடுதோ அது என்றாள். அந்த தியேட்டரா என்று கேட்டார். வேற எது இருக்கு என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார், மண் என்றால் என்ன, வர்க்கம் என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன என்று. நேற்று வாய் வரவில்லை. நாளைக் காலை ஆறே காலுக்கு அவள் பெங்களூர் ரயிலில் ஏறுகிறாள், மகள் வீட்டுக்கு. எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. அதனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். வாசலில் டிக்கெட் கிழித்தது வைண்டிங் பகுதி சங்கிலிப்பாண்டியின் மகன், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அய்யா நீங்களா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. ஒரு குத்தல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

மகள் பெயர் வாலண்டினா. ஆகாயத்துக்குப் போன முதல் பெண்ணின் பெயர், மில் தொழிலாளர் சங்கத்து அலமாரியில் கிடந்த ஒரு சின்னப் புத்தகத்தில் படித்துவிட்டு அவர் வைத்தது. பெங்களூரில் அவளை டினா என்கிறார்கள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஏழு மாசம் ஆகிறது. ரெண்டு பேரும் இங்கேயே வந்துருங்கப்பா என்று போனில் கூப்பிட்டாள். வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்குப் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைகிற வீட்டில் நான் இருக்கமாட்டேன், மில் கேட்டில் அதை ஒழிப்பதற்குத்தான் நாங்கள் இருபது நாள் வெளியே நின்றோம் என்று அவர் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உனக்கு அம்மா வேண்டாம், சம்பளம் இல்லாத ஆயா வேண்டும், உழைப்புச் சுரண்டலுக்குப் பாசம் என்று பேர் வைக்காதே என்றார். பிறகு அவள், அங்க மட்டும் அம்மாவுக்குச் சம்பளமா குடுத்தீங்கப்பா என்று கேட்டாள், கோபமில்லாமல், ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி. அந்தப் போனைக் குருவம்மாள் வாங்கி, நான் வாரேன் தாயி என்றாள். அவ்வளவுதான். அவரிடம் கேட்கவில்லை. தானாக ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது உருவிப் பார்த்தார். ஒரு ஆள். போக மட்டும். சரி, திரும்ப வருகிற டிக்கெட்டை அங்கேயிருந்து மகள் எடுத்துக் கொடுப்பாள், எல்லாம் போனிலேயே எடுக்கிறார்கள் என்று காலையில் நினைத்துக்கொண்டார். மத்தியானம் மறுபடி உருவிப் பார்த்தார், காகிதத்தில் எழுத்து மாறியிருக்குமா? ஆனால் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணச் சேலையையும் அவள் பையில் எடுத்து வைத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போகிறவளுக்குக் கல்யாணச் சேலை எதற்கு? அந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டி நிற்கிறது. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாலும் அந்தச் சேலையிலேயே வந்து நிற்கிறது.

திரையில் இப்போது கல்யாணத்தை மறுபடி காட்டுகிறார்கள். மேலேயிருந்து பறக்கிற கேமரா, பூவால் செய்த யானை, ஐந்நூறு பேர் ஒரே நிறத்துச் சட்டையில் ஆடுகிறார்கள். பூரா வெட்டிச் செலவு என்று முனகினார். குருவம்மாள் உஷ் என்றாள். அவர்கள் கல்யாணம் சங்கக் கட்டிடத்து மாடியில் நடந்தது. அய்யர் இல்லை, தாலி இல்லை, மேளம் இல்லை, ரெண்டு மாலை, ஒரு உறுதிமொழி. அழைப்பிதழ் கூட இல்லை. ரோஸ் நிறத் தாளில் துண்டுப் பிரசுரம் அடித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் அவர். எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கற்றதே மில் சுவரில் ஒட்டிய பிரசுரங்களில்தான், அதனால் பிரசுரம் எழுதுவதில் அவருக்கு ஒரு கர்வம். மேலே தோழர் ஆவுடையப்பன் திருமணப் பொதுக்கூட்டம் என்று கொட்டை எழுத்து. கீழே பதினோரு பேச்சாளர்கள், அதற்குக் கீழே நிர்வாகத்துக்கு ஏழு கோரிக்கைகள். அச்சாபீசில் நின்று மூன்று தடவை திருத்தம் பார்த்தார். பஞ்சப்படிக் கோரிக்கையில் ஒரு வரி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து, அச்சுக் கோக்கிறவரை ஏசி, சேர்க்க வைத்தார். ஆயிரம் பிரதி அடித்துக் கேட்டில் கொடுத்து முடித்தபிறகு, குருவம்மாளின் தங்கச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள், அக்கா பேரு இதுல எங்க மச்சான் இருக்கு என்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை. மணமகள் பெயர் எங்கேயும் இல்லை. அப்போது அவர் என்ன சொன்னார் என்பது இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு அது தெரியும் என்றார். தலைமை தாங்கிய தோழர் உலக நிலைமை பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, உறுதிமொழிக்கு வந்தபோது குனிந்து அவர் காதில், பொண்ணு பேரு என்ன என்று கேட்டார். மைக்கில் அது விழுந்து எல்லோரும் சிரித்தார்கள். குருவம்மாளும் சிரித்தாளா? தலை குனிந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று அவர் வைத்துக்கொண்டார். மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வது எத்தனை வசதி.

மூன்றாம் நாள் இன்னொன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சினிமாவுக்கு அனுப்புவார்கள். பெண் புதுச்சேலையை மடிப்புக் கலையாமல் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கடைத்தெரு வழியாக அவனோடு நடந்து போகவேண்டும், ஊர் பார்க்கவேண்டும். படம் ஒரு சாக்கு. தாலி வேண்டாம், மேளம் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்று தலையாட்டிய குருவம்மாள் இது ஒன்றைத்தான் வாய்விட்டுக் கேட்டாள், சினிமாவுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க என்று. இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை என்று யோசித்துப் பார்த்து அவரும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வதற்குக் கூட யோசனை. மூன்றாம் நாள் அவள் உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குக் கேட்டில் கூட்டம், கால் மணி நேரம் பேசிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வேன் வந்தது. பதினான்கு பேர், பாளையங்கோட்டைச் சிறையில் இருபத்தேழு நாள். அந்த இருபத்தேழு நாளை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார், கல்யாணமான மூன்றாம் நாள் சிறைக்குப் போனவன் நான் என்று. அதைச் சொல்லும் இடத்தில் கை தட்டுவார்கள். தட்டட்டும் என்று ஒரு மூச்சு நிறுத்துவார், டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். வீட்டில் உடுத்தி உட்கார்ந்திருந்தவள் எத்தனை மணிக்குச் சேலையை மாற்றினாள் என்று ஒரு மேடையிலும் அவருக்குத் தோன்றியது கிடையாது. இன்றைக்கு, கார்டிங் பகுதி இருந்த இடத்தில், ஒரு மடப்பயல் கட்டிலிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றுகிறது. தோன்றி என்ன ஆகப்போகிறது. வெளியே வந்தபிறகு ஒரு நாள் கூட்டிப்போயிருக்கலாமே? பஞ்சப்படி வழக்கு வந்தது, பிறகு ஆலை மூடல் வந்தது, பிறகு தோழர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள், பிறகு வயசு வந்தது. அவள் அதன்பிறகு கேட்கவும் இல்லை. அவள் கேட்காததையெல்லாம் அவர் வேண்டாதது என்று கணக்கில் வைத்தார், தொழிலாளிகள் கேட்காததை மில் நிர்வாகம் எப்படி வைத்ததோ அப்படி.

இடைவேளை விளக்குப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மொத்தமே பதினோரு தலை. அதில் ரெண்டு பேர் தூங்குகிறார்கள். படத்தை எடுத்தவனே வந்திருந்தால் அவனும் தூங்கியிருப்பான். குருவம்மாள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தாள், சாத்தூர்க் காரச்சேவு. வாசலில் பையைத் துழாவிய பெண்ணுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். இந்தத் திருட்டுத்தனம் இவளுக்கு எப்போது வந்தது என்று அவருக்கு ஆச்சரியம், கொஞ்சம் மதிப்பும் வந்தது. ஆளுக்குப் பாதியாக முந்தானையில் கொட்டினாள். அப்படி என்னத்துக்குச் சிரிக்கே என்று கேட்டார். சிரிப்புப் படம்னு வெளிய சொன்னாங்க, சிரிக்காம என்ன செய்ய என்றாள். பிறகு, சேவை மென்றுகொண்டே, வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு விஷயத்தைச் சொன்னாள். நாற்பத்து நாலு வருஷமாகச் சொல்லாத விஷயம். அப்போது அவள் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், மூணாம் நாள் என்ன படம் பாத்தீக என்று எல்லாளும் சுற்றிக்கொண்டார்கள். போகவில்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போனோம் என்றாள். காலை ஆட்டம், அவர் வேன் ஏறுமுன்னே என்று நேரத்தைக்கூடக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டாள். கதை சொல்லு என்றார்கள். அவர்களில் யாரும் பார்த்திராத, திருநெல்வேலியில் ஓடுகிற படம் என்று சொல்லிவிட்டு, கட்டை அடுக்கிக்கொண்டே தானாக ஒரு கதை சொன்னாள். புதுசாகக் கல்யாணமான ரெண்டு பேர் கதை. எல்லாளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளும் கேட்டார்கள். ஒரு வாரம் ஓடியது. பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு அந்தப் பழையவர்களே, குருவு பாத்த படம் என்று சொல்லிச் சிரித்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவள் விரலில் ஒட்டிய காரத்தை நக்கினாள். அவருக்குக் கையில் இருந்த சேவு வாய்க்குப் போகவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கதையைக் கேட்டார்.

"அந்தப் படத்துல புருஷன்காரன் என்ன செய்வான்?"

"ஒண்ணும் செய்யமாட்டான்," என்றாள் குருவம்மாள். "வீட்டுல இருப்பான்."

விளக்கு அணைந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. திரையில் அவனும் அவளும் மறுபடி சண்டை. அவள் போனில் எவனோ அனுப்பிய செய்தியை அவன் பார்த்துவிட்டானாம், எவனோ இல்லை, அவள் தம்பியாம், அதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படம் அப்போதே முடிந்திருக்கும். ஆனால் கேட்கமாட்டான். கேட்டால் என்ன குறைந்துபோவாய், மடையா? அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கேட்க வேண்டும், இன்றைக்கே கேட்க வேண்டும், சாயங்காலம் அவள் பையைக் கட்டிவிடுவாள். எப்படிக் கேட்பது? வாழ்நாளில் அவர் கெஞ்சியது கிடையாது. கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார், மந்திரி காரை மறித்து மனு கொடுத்திருக்கிறார், மனு வேறு, கெஞ்சல் வேறு. மனுவில் ஆட்கள் பின்னால் நிற்பார்கள். தன்னையறியாமல் மனசுக்குள் எழுதத் தொடங்கினார். ஒன்று, நீ பெங்களூரில் தங்குவதற்கு ஒரு கால வரம்பு நிர்ணயிக்க வேண்டும். இரண்டு, கல்யாணச் சேலையை எடுத்துச் செல்வதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். மூன்று. மூன்றில் நின்றுவிட்டது. மூன்றில் வருவது தோழர் பூலோகராஜ். பெண்டாட்டி செத்தபிறகு நாலு வருஷம் தனியாக இருந்த ஆள், பிரிவினையில் எதிர்ப்பக்கம் போனவர், ஆனாலும் நல்ல பேச்சாளர். பேப்பர் போடுகிறவர் வாசலில் முந்தின ரெண்டு நாள் பேப்பரும் அப்படியே கிடக்கிறதே என்று கதவைத் தட்டினார். அடுப்பங்கரையில் கிடந்தாராம், கையில் தீப்பெட்டி. மேலே சிவப்புத் துணி போர்த்தினார்கள். ஆவுடையப்பன் போய் இரங்கல் பேசினார், நன்றாகப் பேசினார். பேசும்போதும் பேசி முடித்தபிறகும் அந்த ரெண்டு பேப்பர்தான் கண்ணில் நின்றது. வீட்டில் எந்த ஸ்விட்சு எதற்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது. கேஸ் அடுப்புக்குக் கீழே ஒரு குமிழைத் திருக வேண்டும் என்பது தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் அதுவா பயம்? சமையலுக்கா இவள் வேண்டும்? அப்படியென்றால் மகள் கேட்டது சரிதானே. அது இல்லை. வேறு என்னமோ. சங்க ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு பாத்திரச் சத்தம் வரும், யாரு என்று கேட்கமாட்டாள், அவர் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். அந்தக் கேட்காமல் இருப்பது. அதை எந்தக் கோரிக்கையில் சேர்ப்பது? அதற்குச் சொல் என்ன? பிரசுரங்களில் படித்த சொல் எதுவும் அதற்கு ஆகவில்லை.

கடைசியில் ஏர்போர்ட். அவருக்கு முன்னமே தெரியும், எல்லோருக்கும் தெரியும். அவள் கோபித்துக்கொண்டு வெளிநாடு போகிறாள், அவன் செக்யூரிட்டிகளைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். எந்த ஊரிலும் அப்படி ஓடினால் சுட்டுவிடுவார்கள், வாசலில் நிற்கிறவன் வேலையும் போய்விடும், அந்தச் செக்யூரிட்டிக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவளைப் பற்றி எவன் படம் எடுப்பான். ஓடி வந்தவன் அவள் முன்னால் மண்டி போட்டு, மூச்சு வாங்கி, போகாதே என்றான். பின்வரிசையில் ஒருத்தர் உச்சுக் கொட்டினார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள், அவர்களுக்குத் தமிழ் எப்படிப் புரிந்ததோ. ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லைத்தான் முக்கால் மணி நேரமாகத் தொண்டைக்குள் அவர் உருட்டிக்கொண்டிருந்தார். மீசை முளைத்து நாலு நாளான ஒரு பயல், கூலி வாங்கிக்கொண்டு, அதை எச்சில் பண்ணிப் போட்டுவிட்டான். இனி அதை வாயில் எடுத்தால் சினிமாவைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும். இவளே சிரிப்பாள். ஒரு நல்ல சொல்லைக்கூட மிச்சம் வைக்காமல் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

எழுத்து ஓடத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். குருவம்மாள் எழவில்லை. பெயர்கள் முழுக்க ஏறிப் போகிற வரைக்கும், வாசிக்கத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். படம் சுத்த மோசம் என்றார் அவர். மோசந்தான் என்றாள் அவள். விழுந்து விழுந்து சிரிச்சியே என்றார். "நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கேன், மோசமா இருக்குன்னு அழவா முடியும்," என்றாள். அதில் மனத்தாங்கல் இல்லை. ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கால்மாட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். விளக்கு முழுசாக எரிந்தது. அவள் காதோரம் இத்தனை நரைத்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

"காலையில நான் போறேன். நீங்க என்னமாச்சும் சொல்லணுமா?"

கேட்டுவிட்டாள். அவர் கேட்க வேண்டியதை அவளே பாதி கேட்டுவிட்டாள். இனி மிச்சம் ஒரு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். இருபத்தைந்தாயிரம் பேர் கூடின மைதானத்தில் நாக்கு உலராத ஆள். அவள் காத்திருந்தாள், அவசரப்படாமல், அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ என்று தோன்றியது, தோன்றியதும் மார்புக்குள் ஒன்று சரிந்தது, சரிந்த இடத்தைப் பழைய பழக்கம் ஓடி வந்து நிரப்பியது. முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போறதும் இருக்கிறதும் உன் உரிமை," என்றார். "அதுல நான் தலையிடமாட்டேன்."

சொல்லும்போதே அது நல்ல வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது. எந்தப் பிரசுரத்திலும் போடலாம். குருவம்மாள் அவரையே பார்த்தாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தார், வரவில்லை. ஒரு வேலையைச் செய்து முடித்து, அது சரியாக வரவில்லை என்று தெரிந்தபிறகு கையைத் துடைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி முந்தானையில் ஒட்டியிருந்த சேவுத் தூளைத் தட்டிவிட்டாள்.

"உரிமை எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல."

எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கிப் போனாள். கதவு திறந்து வெளி வெயில் ஒரு பாய் அகலத்துக்கு உள்ளே விழுந்தது, மறுபடி மூடியது. அவர் உட்கார்ந்திருந்தார். தலையிடமாட்டேன். என்ன பெருந்தன்மை. ஒரு பெண்ணின் சுதந்திரத்தை மதிக்கிறாராம். அவளுக்கு வேண்டாத போதெல்லாம் கொடுத்த சுதந்திரம், இருபத்தேழு நாள் சுதந்திரம், பிரசவத்துக்குத் தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற சுதந்திரம். கொள்கை என்று எதை வைத்திருந்தாரோ அது பயத்துக்குப் போட்ட சட்டை. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, கொள்கை உண்மைதான், ஒவ்வொரு எழுத்தும் உண்மை, அந்த உண்மைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொண்டார் என்பதும் உண்மை. வெள்ளைத் திரை எதிரே சும்மா நின்றது. அதில் எவனும் இல்லை, எவளும் இல்லை, ஓடுகிறவன் இல்லை. அதைப் பார்த்தே சொன்னார், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில்:

"போகாத, குருவு."

குரல் எங்கும் முட்டாமல் போய், பின்சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. எச்சில் ஒன்றும் படவில்லை. நாலு வரிசை கீழே, நாற்காலிகளுக்கு நடுவில் குனிந்து பொரியைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பளை நிமிர்ந்தாள். அவள் இருப்பதை அவர் பார்க்கவே இல்லை. என் பேரு பூரணம், நான் எங்கய்யா போறேன், அடுத்த ஆட்டத்துக்குள்ள இதெல்லாம் கூட்டணும், நீங்கதான் எந்திரிச்சுப் போகணும் என்றாள். சரிம்மா என்று எழுந்தார். ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு தடவை வந்தால் ரெண்டாவது தடவை வரும், பேச்சாளனுக்கு இது தெரியும், முதல் வாக்கியம்தான் கஷ்டம். படி இறங்கும்போது அதை உதட்டிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார், தளும்பாமல். டிக்கெட் கிழிக்கிறவன் படம் எப்படிய்யா என்று கேட்டான், அதற்குப் பதில் சொல்லவில்லை, சொன்னால் கொட்டிவிடும். வெயில் கண்ணைக் குத்தியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில், பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குருவம்மாள் நின்றாள். போயிருக்கவில்லை. ரெண்டு லாரிகளை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, அவர் பக்கத்தில் வந்து நிற்குமுன்னே அவள் முகத்தைத் திருப்பி, நிமிர்ந்து, அவர் வாயைப் பார்த்தாள்.

"பஸ் வந்துருச்சா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"இன்னும் வரல," என்றாள்.